முப்பது சதவீதம் குறைப்போம் என்று முதலாளி மேடையில் சொல்லிவிட்டார், இனி?

கேள்வி: 12 ஜூன் 2024

கரூரில் படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் ஆண்டு விழாவில் எங்கள் முதலாளி, "2030-க்குள் கார்பன் உமிழ்வை 30 சதவீதம் குறைப்போம், தண்ணீரை 20 சதவீதம் குறைப்போம், குப்பை என்று ஒன்று கேட்டைத் தாண்டாது" என்று மேடையில் அறிவித்துவிட்டார். கைதட்டல் அடங்கியதும் என்னைக் கூப்பிட்டு, ஆகஸ்டுக்குள் செயல்திட்டம் எழுதிக் கொடு என்றார். எதிலிருந்து எதைக் குறைப்பது என்றே புரியவில்லை. இந்த வேலையை முன்பே செய்தவர்கள் எங்கே தொடங்கினீர்கள்? மாதிரிப் படிவம் இருந்தால் தாருங்கள்.

12 ஜூன் 2024, இரவு

மாதிரிப் படிவம் என்னிடம் நான்கு இருக்கிறது. ஒன்றையும் தரமாட்டேன். அவற்றை நிரப்பி நிரப்பித்தான் இரண்டு வருடத்தைத் தொலைத்தேன்.

நான் திருப்பூரில், சாயமும் தையலும் ஒரே நிர்வாகத்தில் நடக்கும் ஒரு பனியன் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஆடிட்டுக்கு வந்த அம்மையார் "போன மாதம் எத்தனை யூனிட் ஓடியது?" என்று கேட்டபோது அந்த அறையில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மறுநாளிலிருந்து இந்த வேலை என் தலையில் விழுந்தது. விசிட்டிங் கார்டில் நீளமான பதவிப் பெயர் உண்டு. உள்ளே எல்லோரும் "கார்பன்காரர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தம்பி, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று எண்ணுங்கள். மின்வாரிய மீட்டர் கட்டாயம் இருக்கும். ஜெனரேட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியும், எத்தனை லிட்டர் குடித்தது என்று யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். போர்வெல்லில் ஒன்று மாட்டியிருப்பார்கள், முள் நகராது. லாரித் தண்ணீருக்கு டிரைவர் நீட்டும் சீட்டு, விறகுக்கு எடைமேடைச் சீட்டு. இவை பன்னிரண்டு மாதத்துக்குக் கையில் வந்து சேரும்வரை செயல்திட்டம் என்ற சொல்லைக் காகிதத்தில் எழுதாதீர்கள். முப்பது சதவீதம் என்றால் எதில் முப்பது? அந்த "எது" இன்னும் உங்களிடம் இல்லை.

13 ஜூன் 2024

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அடிப்படை ஆண்டு. 2020-21ஐ எடுத்துவிடாதீர்கள். ஊரடங்கில் இரண்டு மாதம் ஷட்டரே திறக்கவில்லை, அந்த ஆண்டோடு ஒப்பிட்டால் நீங்கள் என்ன செய்தாலும் ஏறுமுகமாகத்தான் தெரியும். சிலர் இதற்கு நேர்மாறாக, ஆர்டர் கொட்டிய, ஜெனரேட்டர் ராப்பகலாக உறுமிய கொழுத்த ஆண்டாகப் பார்த்து எடுப்பார்கள். அடுத்த வருடம் சும்மா இருந்தாலே குறைந்துவிடும். எங்கள் கம்பெனியும் முதலில் அப்படித்தான் எடுத்தது. எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

14 ஜூன் 2024

ஆலோசகரை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வையுங்கள். ஆனால் அவர் கொடுக்கும் அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். எங்களுக்கு வந்த அறிக்கையில் 37-ம் பக்கத்தில், "தங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைச் சுற்றி மரம் நடவும்" என்று இருந்தது. பனியன் கம்பெனிக்கு ஏது சுரங்கம்? எங்களுக்கு முன்னால் அவருக்குச் சிமெண்ட் ஆலை வாடிக்கையாளர் இருந்திருக்கிறார். அந்த அறிக்கையை எங்கள் நிர்வாகத்தில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

17 ஜூன் 2024

நேற்று ஞாயிறு. கம்பெனியில் ஆள் இல்லை. கம்ப்ரசர் சோதனைக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. நீங்களும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். காற்றை யாரும் பயன்படுத்தவில்லை, ஆகவே ஒரு தடவை அழுத்தம் ஏறியதும் அது சும்மா கிடக்க வேண்டும். கிடக்காது. சற்று நேரத்தில் மறுபடி சுமை ஏற்றும். சுமையில் ஓடும் நேரத்தையும் சும்மா ஓடும் நேரத்தையும் கைக்கடிகாரத்தில் பாருங்கள். மூன்று நிமிடம் சுமை, ஏழு நிமிடம் சும்மா என்றால், அந்தக் கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் நூற்றுக்கு முப்பது பங்கு ஓட்டை வழியாகப் போகிறது.

நேற்று நானும் ஃபிட்டரும் சோப்புத் தண்ணீர் வாளியோடு தையல் பிரிவில் நடந்தோம். மெஷின் சத்தம் இல்லாத தையல் பிரிவில் நின்றால் ஒன்று புரியும்: கட்டடமே சீறிக்கொண்டிருக்கிறது. 23 இடத்தில் குமிழி. அதில் ஒன்பது, பிசிறு ஊதும் துப்பாக்கியின் குழாய் இணைப்பில். ஓர் இடத்தில் யாரோ பழைய பனியன் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். ஓட்டை இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லவேண்டிய ஆள் யார் என்பதுதான் தெரியவில்லை.

அப்படியே அழுத்தத்தையும் பாருங்கள். எங்கள் கம்ப்ரசரில் 7.5 பார் (அழுத்தத்தின் அளவு) வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால், வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் என்றார்கள். ஒரு பார் இறக்கினால் கம்ப்ரசர் மின்சாரத்தில் 6 முதல் 10 சதவீதம் வரை மிச்சம். இறக்கினோம். எந்த மெஷினும் நிற்கவில்லை.

17 ஜூன் 2024, மறுபடி

"முப்பது சதவீதத்துக்கு ரப்பர் பேண்டா?" என்று சிரித்திருக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் செயல்திட்டத்தில் இரண்டாவது வரி இதுவாக இருக்கட்டும். முதல் வரி, உங்கள் தையல் மெஷின்களில் இன்னும் கிளட்ச் மோட்டார் இருந்தால், அதை மாற்றுவது. டீ இடைவேளையில் எல்லோரும் எழுந்து போன பிறகும் ஹாலில் ஓர் இரைச்சல் கேட்கிறதா? அதுதான் கிளட்ச் மோட்டார். தையல்காரர் பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். செர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும். மெஷின் ஒன்றுக்கு மின்சாரம் பாதிக்கு மேல் குறைந்ததை நாங்கள் மீட்டர் வைத்தே பார்த்தோம்.

24 ஜூன் 2024

உங்கள் கேள்வி: "எங்களிடம் சாயப்பட்டறை இல்லை, வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கிறோம். அப்படியானால் எங்கள் கார்பன் கணக்கு சின்னதுதானே?"

சின்னதல்ல தம்பி, மறைந்திருக்கிறது. நீங்கள் எரிக்கும் விறகு, டீசல், கேஸ் முதல் கணக்கு. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்ற எல்லாம், அதாவது பருத்தி, நூல், வெளிச் சாயம், லாரி, கப்பல், இவை மூன்றாவது. துணித் தொழிலில் மலை முழுவதும் அந்த மூன்றாவதில்தான் கிடக்கிறது. உங்கள் முதலாளி மேடையில் சொன்ன முப்பது எந்தக் கணக்குக்கு என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன்.

இதில் ஒரு திருட்டு வழி உண்டு, நானே நடந்த வழி. 2019-ல் எங்கள் கம்பெனி வாஷிங் பிரிவை மூடிவிட்டு அந்த வேலையை வெளியே கொடுத்தது. செலவுக் கணக்குக்காக எடுத்த முடிவு, சுற்றுச்சூழல் யார் நினைவிலும் இல்லை. அந்த வருட அறிக்கையில் எங்கள் உமிழ்வு தடாலென்று குறைந்தது. நான் பச்சை நிறத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, "எங்கள் முயற்சியின் பலன்" என்று எழுதினேன். அதே துணி, அதே ஆவி, அதே விறகு, எட்டு கிலோமீட்டர் தள்ளி வேறொருவர் புகைபோக்கியில் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்புக்குறிக்கு ஒரு கேடயமும் கிடைத்தது. கேடயம் ரிசப்ஷனில் இருக்கிறது. நான் பின்வாசல் வழியாகவே உள்ளே போவதற்கு அது ஒரு காரணம் (இன்னொரு காரணம், டீக்கடை அந்தப் பக்கம்).

ஒரு பிரிவு வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் அடிப்படை ஆண்டின் கணக்கையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். அதுதான் விதி. செய்திருந்தால் அம்புக்குறி வந்திருக்காது.

2 ஜூலை 2024

சுருக்கமாக. உங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் 42 சதவீதம் என்கிறார், முதலாளி 30 என்கிறார், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். 42 வானத்திலிருந்து விழவில்லை. வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் பாதையில் ஆண்டுக்கு அடிப்படை அளவில் 4.2 சதவீதம் குறையவேண்டும் என்று, கம்பெனிகளின் உமிழ்வு இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ (SBTi) அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2020-லிருந்து 2030 வரை பத்து வருடம், 42. உங்கள் முதலாளியின் 30 எங்கிருந்து வந்தது என்றால், 2030-ல் முப்பது இருக்கிறது. வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

3 ஜூலை 2024

நேற்றைய கிண்டலைத் திரும்பப் படித்தேன். நியாயமில்லை. அவர் மேடையில் ஒரு எண்ணைச் சொல்லியிராவிட்டால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரசரைக் காது கொடுத்துக் கேட்டிருக்கமாட்டீர்கள். (கேட்டீர்களா?) எண் தவறாக இருக்கலாம். ஓர் எண் இருப்பதற்கென்று ஒரு பலன் உண்டு.

15 ஜூலை 2024

திருத்தம் ஒன்று. நீங்கள் அனுப்பிய கணக்கில் மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்கு 0.82 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போட்டிருந்தது. சரிதான் என்று சொல்லிவிட்டேன். சரியல்ல. அது பத்து வருடத்துக்கு முந்தைய எண். மத்திய மின்சார ஆணையம் அவ்வப்போது வெளியிடும் அட்டவணையில் இப்போது 0.72-ஐச் சுற்றி நிற்கிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அடிப்படை ஆண்டுக்கு 0.82, இந்த ஆண்டுக்கு 0.72 என்று போட்டால், ஒரு பல்பைக்கூட அணைக்காமல் மின்சாரக் கணக்கில் 12 சதவீதம் குறைந்துவிடும். நாட்டில் சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் கூடியதால் வந்த குறைவு அது. அறிக்கையில் அது வரட்டும், தவறில்லை. ஆனால் "நாம் செய்தது" என்ற பத்தியில் யூனிட்டை மட்டும் எழுதுங்கள். டன்னை மேலதிகாரிக்குக் கொடுங்கள், யூனிட்டைத் தரையில் வேலை செய்பவருக்குக் கொடுங்கள். பாய்லர் ஆபரேட்டரிடம் "டன் கணக்கில் கார்பன்" என்று பேசினால், தீபாவளி போனஸில் ஏதோ பிடிக்கப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ, அது சரியாகவே போட்டிருக்கிறீர்கள். ஏசியை விட்டுவிட்டீர்கள். ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், அதாவது 750 லிட்டருக்கு மேல் டீசல் எரித்த கணக்கு. மெக்கானிக் பில்லில் "கேஸ் ஃபில்லிங்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார். எந்த வாயு, எத்தனை கிலோ என்று எழுதினால்தான் பில் பாஸ் ஆகும் என்று கணக்குப் பிரிவில் சொல்லிவையுங்கள். செலவில்லாத செயல்திட்டம்.

29 ஜூலை 2024

ஆடி. அம்மி பறக்கிறதோ இல்லையோ, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் சுற்றோ சுற்றென்று சுற்றுகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு நாங்கள் கடன்பட்டவர்கள். திருப்பூரில் பல கம்பெனிகளுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு, "நாங்கள் பயன்படுத்துவதைவிட அதிகம் தயாரிக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பெருமைப்படுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். காற்றாலை மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுவிட்டால் அதன் பசுமையும் விற்றாயிற்று. வயலில் விளைந்த நெல்லை மண்டியில் போட்டுக் காசு வாங்கிவிட்டு, நான் என் நெல்லைத்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லமுடியாது. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்து, அதற்கான சான்றிதழையும் வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருந்தால் மட்டும் கணக்கில் சேரும். எங்கள் மூன்று காற்றாலைகளில் இரண்டு சேர்ந்தது, ஒன்று சேரவில்லை. அந்த ஒன்றைக் கணக்கிலிருந்து எடுத்த அன்று முதலாளி என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் பேசினார். "ஆடிட்டில் பிடிப்பதற்கு முன்னால் நீயே பிடித்தாயே, பரவாயில்லை" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

19 ஆகஸ்ட் 2024

உங்கள் வரைவைப் படித்தேன். 41 வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே "பொறுப்பு: சம்பந்தப்பட்ட துறை". சம்பந்தப்பட்ட துறை என்ற பெயரில் உங்கள் கம்பெனியில் ஆள் யாராவது இருக்கிறாரா? சாப்பாட்டு வேளையில் எந்த மேஜையில் உட்காருவார்?

ஒரு வரிக்கு ஒரு ஆள். வால்வைத் திருகுபவர் பெயர். வால்வு வாங்கப் பணம் தருபவர் பெயர். எந்த மீட்டரில் தெரியும். எந்தத் தேதியில் பார்ப்போம். இந்த நான்கும் இல்லாத வரியை அடித்துவிடுங்கள். எத்தனை மிஞ்சுகிறது பார்ப்போம்.

20 ஆகஸ்ட் 2024

ஏழு மிஞ்சியதா? நல்லது. எங்களுக்கு முதல் தடவை நான்குதான் மிஞ்சியது.

8 செப்டம்பர் 2024

தண்ணீர் 20 சதவீதம் என்ற உங்கள் இரண்டாவது இலக்கைப் பற்றி இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன். இன்று வேலை இல்லை, நீளமாக எழுதுகிறேன். வேண்டாம் என்பவர்கள் தாண்டிப் போகலாம்.

எங்கள் ஊரில் நிலைத்தன்மை இலக்கு வைத்தது எந்தக் கம்பெனியும் அல்ல. நீதிமன்றம். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது, சில வருடத்திலேயே சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியானது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். வருடக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். மின் இணைப்பைத் துண்டித்தார்கள். அப்போது நான் பட்டறையில்தான் இருந்தேன். ஷிப்ட் பாதியில் வின்ச் (துணியைச் சுற்றிச் சுற்றிச் சாயத்தில் முக்கும் மெஷின்) நின்றது, உள்ளே இருந்த துணி நின்ற இடத்திலேயே இரண்டு நிறமாகப் போனது. ஒரு பக்கம் கருநீலம், மறு பக்கம் சாம்பல். அந்த ரோலை வெகுநாள் யாரும் தூக்கவில்லை.

அந்த இலக்கு ஒரே ஓர் எண்: பூஜ்யம். ஒரு சொட்டுக்கூட வெளியே போகக்கூடாது. செயல்திட்டம் எழுது என்று யாரும் கேட்கவில்லை, பவர்பாயிண்ட் இல்லை. நடந்தது. ஆகவே, எண் கறாராக இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நான் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். வேலை போன ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள். துணி சாயத்துக்காக வெளி மாநிலங்களுக்கு லாரி ஏறியது, அங்கே அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம், பூஜ்யத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கழிவு நீரை உயிரியல் தொட்டியில் தெளியவைத்து, சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி, நல்ல நீரைத் திரும்ப எடுக்கிறோம். மிஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கியில் காய்ச்சி உப்பை எடுக்கிறோம். அழுத்துவதற்கு மின்சாரம், காய்ச்சுவதற்கு ஆவி, ஆவிக்கு விறகு. தண்ணீர் இலக்கு ஒரு படி ஏறினால் கார்பன் இலக்கு ஒரு படி இறங்கும். ஒரே அறிக்கையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் இரண்டும் சண்டை போடும். எங்கள் ஆவியாக்கி ஓடும் நாளில் விறகு வண்டி கூடுதலாக ஒன்று வரும், நான் ஜன்னலில் பார்ப்பேன்.

அதனால் தண்ணீரைச் சுத்தப்படுத்துவதில் இலக்கு வைக்காதீர்கள், தண்ணீரைக் கேட்காமல் இருப்பதில் வையுங்கள் என்று முடிவு செய்தோம். கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்று போர்டில் எழுதினோம். 20 சதவீதம் குறை என்று டையிங் மாஸ்டரிடம் சொன்னோம். முதல் மாதமே குறைந்தது! இனிப்பு கொடுத்தோம். இரண்டாவது மாதம் கறுப்பு நிற லாட் (ஒரே தடவையில் சாயம் ஏற்றும் துணி) ஒன்று உரசல் சோதனையில் தோற்றது, வெள்ளைத் துணியில் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறது. விசாரித்தால், சோப்பு வாஷுக்குப் பிறகு வரும் சுடுநீர் அலசல் ஒன்றை மாஸ்டர் வெட்டியிருக்கிறார். இலக்கு வைத்தால் வெட்டத்தானே செய்வார்? லாட் முழுவதையும் மறுபடி அலசி, மறுபடி சாயம் ஏற்றி, மறுபடி அலசினோம். மிச்சம் பிடித்த தண்ணீரெல்லாம் அந்த ஒரு வாரத்தில் போனது.

அதற்குப் பிறகு இலக்கை மாற்றினோம். "நூறு லாட்டில் எத்தனை லாட் முதல் தடவையே ஷேடு (கேட்ட நிறம்) சரியாக வந்தது?" அவ்வளவுதான். தண்ணீர் என்ற சொல்லே அதில் இல்லை. அது ஏற ஏறத் தண்ணீர், உப்பு, விறகு, மின்சாரம் எல்லாம் இறங்கின. மாஸ்டருக்கும் அது பிடித்த இலக்கு, ஏனென்றால் அவர் பெருமையே அதில்தான்.

9 செப்டம்பர் 2024

நேற்றையதில் ஒரு குறை. "விறகு வண்டி" என்று எழுதியதைப் படித்து ஒருவர், விறகு கார்பன் கணக்கில் பூஜ்யம்தானே என்று கேட்டிருக்கிறார். விறகின் கார்பன் டை ஆக்சைடைத் தனி வரியில் காட்டவேண்டும், மொத்தத்தில் சேர்க்கமாட்டார்கள், அதோடு வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் சேரும். காகிதத்தில் அப்படி. சீமைக்கருவேலம் வெட்டினால் ஒரு கதை, யாரோ ஒருவர் தோப்புப் புளியமரம் வந்தால் வேறு கதை. எடைமேடைச் சீட்டில் மரத்தின் பெயர் எழுதச் சொல்லியிருக்கிறேன். "கலப்பு" என்று எழுதி அனுப்புகிறார்கள்.

14 அக்டோபர் 2024

ஆயுத பூஜை முடிந்து திறந்தோம். துணை மீட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள். நல்ல மனசு. எண் தெரியும் கண்ணாடி மேல் வைத்திருக்கிறார்கள். ஏழு மீட்டரில் நான்கைப் படிக்கமுடியவில்லை. ஈரத்துணியோடு ஏறித் துடைத்துக்கொண்டிருந்தபோது செக்கிங் பிரிவு அக்கா, "சாமிப் பொட்டை அழிக்கிறீங்களே" என்று கடிந்துகொண்டார். மீட்டருக்கு மேலே ஒரு பொட்டு திரும்ப வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். அடுத்த வருடச் செயல்திட்டத்தில் இதற்கும் ஒரு வரி போடவேண்டும். பொறுப்பு: நான்.

6 நவம்பர் 2024

குப்பை இலக்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதிகம் சொல்ல இல்லை. கட்டிங் வேஸ்ட் எந்தக் காலத்திலும் குப்பையாக இருந்ததில்லை, கிலோ கணக்கில் விற்கிற பொருள். திருப்பூர் வேஸ்ட் ஓ.இ. மில்லில் (ஓப்பன் எண்ட் நூற்பாலை) நூலாகி உங்கள் கரூர்ப் பக்கம், சென்னிமலைப் பக்கம் தறிக்கு வருவது பழைய கதை. எங்கள் பனியன் உங்கள் மிதியடியாக இருக்கலாம். அதை "மறுசுழற்சி 95 சதவீதம்" என்று அறிக்கையில் போட்டுக்கொள்வது, அப்பா வாங்கிய வீட்டை நான் கட்டினேன் என்பது மாதிரி. உண்மையான கேள்வி பாலித்தீன் உறை, சுத்திகரிப்பு நிலையச் சேறு, கேன்டீன் சாப்பாடு. உங்களிடம் சேறு இல்லை. கேன்டீன் வாளியை ஒரு வாரம் எடை போடுங்கள். எங்களுக்கு உப்புமா நாளில்தான் உச்சம்.

21 ஜனவரி 2025

ஆகஸ்டில் "வரிக்கு ஒரு ஆள் பெயர்" என்று சட்டம் பேசினேன் அல்லவா? அதில் நானே அடி வாங்கிய கதை.

எங்கள் பட்டியலில் மூன்றாவது வரி: சாய மெஷின்களிலிருந்து வரும் ஆவி நீரை (சூடு கொடுத்த பிறகு ஆவி நீராக மாறியதை) சாக்கடைக்கு விடாமல் பாய்லருக்குத் திருப்புவது. அந்த நீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. பாய்லருக்குப் போகும் நீரின் சூடு 6 டிகிரி கூடினாலே எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சம். குழாய் போட்டாயிற்று, பம்ப் வந்தாயிற்று. பொறுப்பு என்ற இடத்தில் பாய்லர் ஆபரேட்டர் பெயரைப் போட்டு பாய்லர் அறைச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் காகிதம் இல்லை. மறுபடி ஒட்டினேன். மறுபடி இல்லை.

மூன்றாவது நாள் அவரே வந்தார். இருபத்தாறு வருடம் அடுப்பு முன்னால் நின்றவர், புருவத்தில் பாதி முடி கிடையாது. "பம்ப் கெட்டால் மாற்ற எனக்கு அதிகாரம் இருக்கிறதா? ஸ்டோரில் ஒரு சீல் கேட்டால் நான்கு கையெழுத்து வேண்டும். குறைந்தால் கேடயம் ரிசப்ஷனில், குறையாவிட்டால் பழி என் பெயரில். அதற்குத்தானே பெயர்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பெயர் எழுதச் சொன்ன நான், அந்தப் பெயருக்கு என்ன கொடுப்பது என்று எழுதச் சொல்லவில்லை. தம்பி, உங்கள் ஏழு வரியையும் இந்தக் கண்ணால் ஒரு தடவை பாருங்கள்.

ஒரு குறிப்பிட்ட தொகை வரை உதிரி பாகத்தை அவரே கையெழுத்துப் போட்டு எடுக்கலாம் என்று உத்தரவு வாங்க ஐந்து வாரம் ஆயிற்று. பம்ப் வாங்க அத்தனை நாள் ஆகவில்லை.

3 மார்ச் 2025

முதலாளியிடம் முப்பதை இருபத்திரண்டாக மாற்றலாமா என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல துணிச்சல். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. இருபத்திரண்டுக்கு வழி இருக்கிறது, மீதி எட்டுக்கு வழி தெரியவில்லை, கூரையில் சோலார் போடப் பணம் வந்தால் வரலாம் என்று அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். பையருக்கு அது புதிதாக இருக்கும். எல்லோரும் முப்பதுக்கும் வழி இருப்பதாகத்தான் எழுதுகிறார்கள். உற்பத்தி கூடினால் மொத்த உமிழ்வும் கூடும் என்பதை மறைக்க "ஒரு பீஸுக்கு இவ்வளவு" என்று மட்டும் காட்டாமல், மொத்தத்தையும் பக்கத்தில் காட்டுங்கள். இரண்டையும் பார்த்தால்தான் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரியும்.

11 மார்ச் 2025

பாய்லர் அறைக் காகிதம் எட்டு நாளாகச் சுவரிலேயே இருக்கிறது. இன்று காலை போனபோது நான் எழுதியிருந்த நீர்ச் சூட்டை அடித்துவிட்டு மேலே 84 என்று பேனாவில் எழுதியிருந்தார். "நீ வைத்த தெர்மாமீட்டர் குழாயின் வளைவில் இருக்கிறது, தப்பாகக் காட்டும். நான் டேங்கில் போட்டுப் பார்த்தேன்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நான் மூன்று மாதமாக அனுப்பிய அறிக்கையைத் திருத்தவேண்டும்.

இன்னொரு திருத்தமும் கேட்டார். பெயருக்கு முன்னால் இனிஷியல் இல்லையாம். போட்டுவிட்டேன்.